மூன்றிலைக் கூட்டம்: தரையில் படர்பவற்றைப் பிரித்தறிதல்

பால்மரத்து இலை ஒன்றைக் கிள்ளிப் பாருங்கள். நீண்ட காம்பின் நுனியில் மூன்று சிற்றிலைகள். அந்த மரத்தடியில் மண்ணை மூடிக் கிடக்கும் கொடிக்கும் மூன்று. லயத்து வாசலில் நாள் முழுதும் மிதிபடும் பூண்டுக்கும் மூன்று. ரசத்துக்குப் பறிக்கும் புளியாரைக்கும் மூன்று. ஜாசினில் தொடங்கி அலோர் காஜா வரை எந்தத் தோட்டத்துக்குள் போனாலும் இதுதான் நிலை. சிற்றிலையை எண்ணி ஒரு செடிக்கும் பெயர் வைக்க முடியாது.

பாடப்புத்தகப் படங்களில் வரும் குளோவர் குளிர்நாட்டுச் செடி. நீலகிரிப் புல்வெளிகளில் வெள்ளைக் குளோவர் நன்றாகவே பரவியிருக்கிறது. மலாக்காவின் வெக்கையில் அதைத் தேடிப் பயனில்லை. இங்கே பள்ளித் திடலிலும் கோயில் வளாகத்திலும் சாலையோரப் புல்லிலும் அதன் வேலையைச் செய்பவை சிறுபுள்ளடியும் அதன் உறவுகளும்தான். இவற்றோடு உறவே இல்லாத சில செடிகளும் அதே உருவத்தில் கலந்து வளர்கின்றன. செம்பனை நிரைகளுக்கு நடுவே தோட்ட நிர்வாகம் விதைத்த கொடிகள் வேறு.

இந்த அத்தியாயம் மூன்று கூட்டங்களைப் பிரித்துக் காட்டுகிறது: தரையோடு ஒட்டிக் கிடக்கும் சிறுபுள்ளடி வகை, அதைப்போல் தோன்றும் புளியாரை வகை, தோட்டத்து மூடுகொடிகள். எல்லாவற்றுக்கும் ஒரே விதி: காயைப் பார்த்த பிறகே இலையை நம்புங்கள்.

பார்க்கும் வரிசை

இலை இடத்துக்கு ஏற்ப மாறும். புல்வெட்டி ஓடும் திடலில் ஒரு செடியின் இலை நகக்கண் அளவுக்குச் சுருங்கும். அதே செடி வடிகால் ஓரத்து நிழலில் இரண்டு மடங்கு பெரிதாக விரியும். வெயில் காலத்தில் மயிர் கூடும், மழையில் குறையும். காயின் அமைப்பு இப்படி மாறுவதில்லை. ஆகவே கீழ்க்கண்ட வரிசையைப் பழக்கமாக்கிக் கொள்ளுங்கள்.

முதலில் காய். கணுக்கணுவாக ஒடிகிறதா, நீள நெற்றாக இரண்டாகப் பிளக்கிறதா, ஐந்து பட்டையுள்ள சிறு கூடாக நிமிர்ந்து நிற்கிறதா? இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

இரண்டாவது பூ. அவரைப்பூவைப் போல ஒரு பெரிய இதழும் இரண்டு பக்க இதழும் கீழே படகு வடிவில் ஒட்டிய இரண்டு இதழும் இருந்தால் அது பயறுக் குடும்பம். ஐந்து இதழும் ஒரே மாதிரி சுற்றி விரிந்திருந்தால் புளியாரைக் குடும்பம். பூ நிறத்தைக் குறித்துக்கொள்ளலாம், ஆனால் அதை மட்டும் நம்பக்கூடாது. சிறுபுள்ளடிப் பூ வாடும்போது நிறம் மாறிக்கொண்டே போகும்.

மூன்றாவது இலையடி. இலைக்காம்பு தண்டில் சேரும் இடத்தைக் கைலென்ஸில் பாருங்கள். பயறுக் குடும்பச் செடிகளில் அங்கே இரண்டு சிறு செதில்கள் இருக்கும். சிறுபுள்ளடி வகையில் அவை காய்ந்து பழுப்பாகி, நீள வரிகளோடு தண்டிலேயே ஒட்டியிருக்கும். இலையெல்லாம் உதிர்ந்த பழைய தண்டிலும் இந்த அடையாளம் நிற்கும்.

நான்காவதுதான் சிற்றிலை. அதன் நுனி கூரா, வட்டமா, வெட்டியதுபோல் தட்டையா, நடுவில் பள்ளமா? மேற்பக்கம், அடிப்பக்கம் இரண்டையும் தடவிப் பாருங்கள். நடுச் சிற்றிலைக்குத் தனிக் காம்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். மூன்றும் ஒரே புள்ளியிலிருந்து பிரிந்தால் ஒரு வகை, நடுவிலுள்ளது சற்று விலகித் தனிக் காம்பில் நின்றால் வேறு வகை.

கடைசியாக வேர். ஒரே ஒரு செடியை மண்ணோடு கெல்லி எடுத்து நீரில் அலசுங்கள். பயறுக் குடும்பமாக இருந்தால் மெல்லிய வேர்களில் சிறுமணிகள் தெரியும். ஒரு மணியை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அங்குள்ள நுண்ணுயிர்கள் காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அந்த மணி ஓய்ந்துவிட்டது. புளியாரை வேரில் இந்த மணிகள் இராது.

கையில் இருக்க வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், மில்லிமீட்டர் கோடுள்ள சிறு அளவுகோல், பழைய நாளிதழ், பென்சில், ஒரு 5 சென் காசு. காசின் குறுக்களவு ஏறத்தாழ 18 மில்லிமீட்டர். இலைக்குப் பக்கத்தில் காசை வைத்துப் படம் எடுத்தால் பின்னால் அளவில் குழப்பம் வராது.

செம்பனைத் தோட்டத்துக்குள் போவதானால் முழங்கால் உயர பூட்ஸும் ஒரு கம்பும் கட்டாயம். அடர்ந்த மூடுகொடிக்குள் எலி உண்டு, எலியைத் தேடி நாகமும் வரும். கொடிக்குள் வெறுங்கையை விடாதீர்கள், கம்பால் விலக்கிப் பாருங்கள். தோட்டம் தனியார் நிலம். அலுவலகத்தில் சொல்லிவிட்டு, அன்று எந்தப் பக்கம் மருந்து அடிக்கிறார்கள் என்று மண்டோரிடம் கேட்டுக்கொண்டே இறங்க வேண்டும். பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை செய்யப்பட்டுவிட்டது, ஆனால் மற்றக் களைக்கொல்லிகள் புழக்கத்தில் இருக்கின்றன. தோட்டத்துக்குள் எந்த இலையையும் வாயில் வைத்துச் சோதிக்க வேண்டாம்.

முதல் கூட்டம்: சிறுபுள்ளடியும் உறவுகளும்

சிறுபுள்ளடி

தாவரவியலில் டெஸ்மோடியம் டிரைஃப்ளோரம். லின்னேயஸ் 1753இல் ஹெடிசாரம் என்ற இனத்தில் இதைச் சேர்த்தார், பின்னர் அது டெஸ்மோடியத்துக்கு வந்தது. 2018க்குப் பிறகு வெளிவரும் நூல்களில் கிரோனா டிரைஃப்ளோரா என்று காண்பீர்கள். மூன்று பெயரும் ஒரே செடிக்குத்தான்.

இது எழுந்து நிற்காது. நூல்போன்ற தண்டு தரையோடு ஓடும், கணுதோறும் வேர்விடும், புல்லோடு பின்னி ஒரு பாயாக மூடும். சிற்றிலை 3 முதல் 10 மில்லிமீட்டர், அதாவது 5 சென் காசில் ஏறத்தாழ பாதிதான். அடி குறுகி நுனி அகன்றிருக்கும். நுனி வெட்டியதுபோல் தட்டையாகவோ நடுவில் சிறு பள்ளத்தோடோ இருக்கும். இந்தப் பள்ளம்தான் பலரையும் இது புளியாரை என்று நம்ப வைக்கிறது.

பூ இலையின் கக்கத்தில் ஒன்று முதல் மூன்றாக வரும், அரிதாக ஐந்து. ஊதா கலந்த இளஞ்சிவப்பு. பூக்காம்பு 3 முதல் 8 மில்லிமீட்டர்தான், அதனால் பூ இலைகளுக்குள்ளேயே அடங்கிவிடும். குனிந்து பார்க்காதவர் கண்ணில் படாது.

இனி காய். 5 முதல் 12 மில்லிமீட்டர் நீளம், 3 முதல் 5 கணு. கைலென்ஸில் வைத்துப் பாருங்கள்: மேல்விளிம்பு ரம்பத்தின் முதுகைப்போல் நேராக ஓடும், கீழ்விளிம்பு கணுவுக்குக் கணு உள்வாங்கியிருக்கும். மேற்பரப்பில் வலைபோன்ற கோடுகள். அவற்றின்மேல் நுனி வளைந்த நுண்மயிர்கள் நிற்கும். காலுறையில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வருவது இந்த மயிரால்தான். முற்றிய காயை விரலால் தள்ளினால் ஒரு விதை கொண்ட சதுரத் துண்டுகளாக ஒடியும். முழுக்காய் பிளந்து விதை கொட்டுவது கிடையாது.

எங்கே பார்க்கலாம்: அடிக்கடி புல் வெட்டும் இடங்கள். பள்ளித் திடல், கோயில் வளாகம், லயத்து முன்வாசல், பந்து ஆடும் இடத்தின் ஓரம். உயரமான செடிகளோடு போட்டியிட இதற்குச் சக்தி இல்லை. புல்வெட்டி மற்றவற்றைத் தட்டிவைப்பதால்தான் பிழைக்கிறது. திடலை ஆறு மாதம் வெட்டாமல் விட்டால் முதலில் காணாமல் போவது இதுவே.

டெஸ்மோடியம் ஹெட்டரோஃபில்லம்

சிறுபுள்ளடியோடு அதிகம் மயங்குவது இதுதான். இதற்குத் தனித் தமிழ்ப்பெயர் வழக்கில் இல்லாததால் இந்த நூலில் "பெரிய சிறுபுள்ளடி" என்று எழுதாமல் தாவரப்பெயரின் கடைசிப் பகுதியை வைத்து ஹெட்டரோஃபில்லம் என்றே குறிக்கிறோம். புதிய நூல்களில் கிரோனா ஹெட்டரோஃபில்லா.

இதுவும் தரையில் ஊரும், கணுவில் வேர்விடும், கக்கத்தில் பூக்கும், ஒடியும் காய் காய்க்கும். வேறுபாடுகளை மூன்றாகச் சுருக்கலாம்.

ஒன்று, அளவு. நடுச் சிற்றிலை 10 முதல் 30 மில்லிமீட்டர். ஒரு நல்ல இலை 5 சென் காசை முழுதாக மறைத்துவிடும். பக்கச் சிற்றிலைகள் நடுவிலுள்ளதைவிடக் கண்ணுக்குத் தெரியும்படி சிறியவை. சிறுபுள்ளடியில் மூன்றும் ஏறத்தாழ சமம்.

இரண்டு, பூக்காம்பு. இதில் 10 முதல் 25 மில்லிமீட்டர். மெல்லிய காம்பு இலையைத் தாண்டி வெளியே நீளும், பூ காற்றில் ஆடும். திடலில் நின்றபடியே தெரியும் அடையாளம் இது. பூக்காம்பை அளவுகோலில் வைத்தால் வாதத்துக்கே இடமில்லை: 8க்குள் சிறுபுள்ளடி, 10க்கு மேல் ஹெட்டரோஃபில்லம்.

மூன்று, காய். 12 முதல் 18 மில்லிமீட்டர். கணுக்கள் சிறுபுள்ளடியைவிடப் பெரியவை, ஒவ்வொன்றும் 4 மில்லிமீட்டரை நெருங்கும். மேல்விளிம்பு நேர், கீழ்விளிம்பு அலை என்பது இதற்கும் பொருந்தும். ஆகவே அளக்காமல் வடிவத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள்.

தண்டின் அடிப்பகுதியில் ஒற்றைச் சிற்றிலையோடு நிற்கும் இலைகளையும் இதில் காணலாம். சிற்றிலைகள் உதிர்ந்துபோனதால் அப்படி இருக்கிறதா, முளைக்கும்போதே ஒற்றையா என்று காம்பின் நுனியைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

எங்கே பார்க்கலாம்: சற்று ஈரமும் அரை நிழலும் உள்ள இடம். தோட்டச் சாலையின் ஓரம், வடிகால் கரை, ரம்புத்தான், மாமர நிழல். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் மழை மிகுந்த பகுதிகளில் இதை மேய்ச்சல் நிலத்தில் வளர்க்கிறார்கள். நம்மூரில் லயத்து மாடும் ஆடும் அந்தச் சோதனையைத் தாமாகவே நடத்திக்கொண்டிருக்கின்றன.

இரண்டும் ஒரே திடலில் வளர்வதுண்டு. நடுத்திடலில் சிறுபுள்ளடியும் ஓரத்து மர நிழலில் ஹெட்டரோஃபில்லமும் இருந்தால், இரண்டும் சந்திக்கும் கோட்டில் உட்கார்ந்து பழகுங்கள். நிழலில் வளர்ந்த சிறுபுள்ளடியின் இலையும் வெயிலில் குறுகிய ஹெட்டரோஃபில்லத்தின் இலையும் அந்தக் கோட்டில் ஒரே அளவில் நிற்கும். அங்கே பூக்காம்பு ஒன்றுதான் கைகொடுக்கும்.

டெஸ்மோடியம் ஓவலிஃபோலியம்

தோட்டங்களில் மூடுபயிராகவும் நட்டார்கள். மேலே சொன்ன இரண்டைவிட உயரம், தண்டு கட்டை, சிற்றிலை தடித்துப் பளபளப்பாக நீள்வட்டத்தில் இருக்கும். கீழிலைகள் பல ஒற்றைச் சிற்றிலையோடு வரும். பூ கக்கத்தில் வராது, கிளை நுனியில் நெருக்கமான கதிராக நிற்கும். ஊதா இளஞ்சிவப்புக் கதிரைப் பார்த்தால் முதல் இரண்டையும் மறந்துவிடலாம். காய் இதிலும் கணுக்கணுவாக ஒடியும்.

ஒற்றை இலை உறவு: அலிசிகார்ப்பஸ்

அலிசிகார்ப்பஸ் வெஜைனாலிஸுக்கு மூன்றிலையே கிடையாது, ஒற்றைச் சிற்றிலைதான். ஆனாலும் இங்கே இடம் கொடுப்பதற்குக் காரணம், இதே புல்லில் இதே பூ நிறத்தோடு வளர்கிறது. ஹெட்டரோஃபில்லத்தின் ஒற்றை இலையைப் பார்த்தவர்கள் இதையும் அதிலேயே சேர்த்துவிடுவார்கள். காயைப் பாருங்கள்: உருண்டு நீண்ட குச்சிபோல் 15 முதல் 25 மில்லிமீட்டர். கணுக்களுக்கு இடையே இடுங்காது, ஒவ்வொரு இணைப்பிலும் மெல்லிய வளையம் மட்டும் தெரியும். இலையடிச் செதில் காகிதம்போல் காய்ந்து தண்டைச் சுற்றியிருக்கும்.

இரண்டாம் கூட்டம்: உருவத்தில் மட்டும் ஒத்தவை

புளியாரை

ஆக்ஸாலிஸ் கார்னிகுலேட்டா. மூன்று சிற்றிலைகளும் ஒரே புள்ளியிலிருந்து பிரியும், நடுவிலுள்ளதற்குத் தனிக் காம்பு இல்லை. ஒவ்வொன்றும் தலைகீழ் இதய வடிவம், நுனிப் பள்ளம் ஆழமானது. சிறுபுள்ளடியின் பள்ளம் வெறும் கீறல் அளவே. பூ மஞ்சள், ஐந்து இதழ் சமம். காய் 1 முதல் 2.5 சென்டிமீட்டர், ஐந்து பட்டையோடு நிமிர்ந்து நிற்கும். முற்றிய காயைத் தொட்டால் விதை தெறித்துக் கையில் படும். அந்தி சாயும்போது சிற்றிலைகள் கீழ்நோக்கி மடங்கிக்கொள்ளும்.

பூந்தொட்டி, வாசல் சிமெண்டு விரிசல், கீரைப்பாத்தி என்று வீட்டைச் சுற்றியே இருக்கும். சமையலுக்குப் பறிப்பவர்கள் வீட்டுத் தொட்டியில் வளர்ந்ததை எடுங்கள். ஆக்ஸாலிக் அமிலம் உள்ள கீரை என்பதால் சிறுநீரகக் கல் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது.

ஊதாப் புளியாரை

ஆக்ஸாலிஸ் பாரெலியரி. மலாய்க்காரர் வாயில் பெலிம்பிங் தானா. தென் அமெரிக்காவிலிருந்து வந்து தோட்டமெங்கும் களையாகப் பரவியது. தேர்ந்தவரையும் திகைக்க வைக்கும் செடி இது, ஏனென்றால் மற்றப் புளியாரைகளைப்போல் இல்லை. தண்டு நிமிர்ந்து முழங்கால் உயரம்வரை வரும். சிற்றிலைக்கு நுனிப் பள்ளம் கிடையாது, முட்டை வடிவில் நுனி குறுகும். போதாததற்கு நடுச் சிற்றிலை தனிக் காம்பில் விலகி நிற்கும். சிற்றிலையை மட்டும் பார்த்தால் பயறுக் குடும்பம் என்று சத்தியமே செய்துவிடலாம்.

காட்டிக்கொடுப்பது பூவும் இலையடியும். பூ இரண்டாகக் கிளைத்த காம்பில், வெளிர் இளஞ்சிவப்பு இதழ் ஐந்தும் சமமாக, தொண்டையில் மஞ்சளோடு இருக்கும். இலையடியில் வரியோடிய செதில் இல்லை. காய் குட்டையான உருண்டைக் கூடு. வேரைக் கெல்லினால் மணிகள் இல்லை.

நான்கிலை ஆரை

வயல் ஓரத்திலும் தேங்கிய நீரிலும் நான்கு சிற்றிலையோடு நிற்பது ஆரை. சிலர் அதை அதிர்ஷ்டக் குளோவர் என்று படம் போடுகிறார்கள். ஆரைக்கு எல்லா இலையிலும் நான்குதான், அதில் அதிசயம் இல்லை. அது பெரணி இனம், பூக்கவே பூக்காது. சுரபாயாவில் செமாங்கி என்று வேகவைத்துக் கடலைச்சாற்றோடு விற்பது இதன் உறவே.

பால்மரக் கன்று

உதிர்ந்த கொட்டை முளைத்து ஒரு சாண் உயரம் நிற்கும் கன்றைச் சிலர் கொடியின் தளிர் என்று நினைப்பார்கள். காம்பைக் கிள்ளுங்கள். பால் வந்தால் பேச்சு முடிந்தது.

மூன்றாம் கூட்டம்: தோட்டத்து மூடுகொடிகள்

தான் சே யான் 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். அதையடுத்த ஆண்டுகளில் எழுந்த தோட்டங்களில் ஒரு புல்லும் இல்லாமல் தரையைச் சுரண்டி வைப்பதே ஒழுங்கு என்று கருதப்பட்டது. அந்தக் களையெடுப்பில் முதுகு வளைந்தவர்களில் தமிழ்ப் பெண்கள் ஏராளம். வெறும் மண்ணை மழை அரித்துக்கொண்டு போனபிறகுதான் தரையை மூடிவைக்கும் கொடிகளின் அருமை தெரிந்தது. 1925இல் தோன்றிய மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் பின்னாளில் இந்தக் கொடிகளை விரிவாக ஆராய்ந்தது. மூடுகொடிகள் ஆண்டுக்கு ஹெக்டேருக்குச் சராசரி 150 கிலோ அளவுக்கு நைட்ரஜனை மண்ணில் சேர்க்கின்றன என்று மலேசிய ஆய்வுகள் கணக்கிட்டுள்ளன. ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும் மறுநடவு செய்யும் இடமெல்லாம் இவற்றை விதைக்கிறார்கள்.

பெரும்பாலும் மூன்று விதையைக் கலந்து தூவுவதால், மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் பின்னிக் கிடக்கும். பிரிப்பதற்கு மூன்று வழி: தடவுதல், பூ, காய்.

புயராரியா ஃபாசியோலாய்டிஸ். தண்டில் துருநிற மயிர் அடர்ந்திருக்கும். சிற்றிலை அகன்ற முக்கோணச் சாயல், சில சமயம் ஓரத்தில் லேசான மடல். அடிப்பக்கம் சாம்பல் பூத்து மெத்தென்றிருக்கும். பூ ஊதா, நீண்ட கதிரில் இடைவெளிவிட்டு இரண்டிரண்டாக நிற்கும். காய் பென்சிலைவிட மெல்லியதாக உருண்டு 4 முதல் 11 சென்டிமீட்டர் நீளும், முற்றினால் கறுக்கும். மூன்றில் இது மட்டுமே ஆசிய மண்ணின் செடி.

கலப்போகோனியம் மியூகனாய்டிஸ். தண்டு, இலையின் இரு பக்கம், காய், எங்கே தொட்டாலும் பழுப்பு மயிர். பூ சிறியது, ஒரு சென்டிமீட்டர் அளவில் நீலம். காய் 2.5 முதல் 4 சென்டிமீட்டர், குட்டை, மயிர் போர்த்தது. முதல் ஆண்டில் எல்லாவற்றையும் மூடி ஆட்டம் போடும், நிழல் விழுந்ததும் மடிந்துவிடும். ஆகவே முதிர்ந்த செம்பனை அடியில் இதைக் கண்டதாக எழுதினால் ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள். நிழல் தாங்கி நிற்பது இதன் உறவான கலப்போகோனியம் செருலியம். அதற்கு மயிர் குறைவு, விதை பிடிப்பதும் குறைவு, தண்டை வெட்டியே நடுவார்கள்.

சென்ட்ரோசீமா பியூபெசன்ஸ். தடவினால் மற்ற இரண்டைப்போல் மயிர் கையில் தட்டாது. சிற்றிலை நீள்வட்டம், நுனி கூர். பூ 2 முதல் 3 சென்டிமீட்டர், வெளிர் ஊதாவில் அடர்ந்த கோடுகள், பெரிய இதழ் கீழே விரிந்து பூவே தலைகீழாக இருக்கும். காய் தட்டை, 15 சென்டிமீட்டர்வரை நீளும், நுனியில் நீண்ட மூக்கு.

சென்ட்ரோசீமா பூவைச் சங்குப்பூ என்று எண்ணிப் பறிப்பவர்கள் உண்டு. மலாக்கா ஞோஞா பலகாரங்களுக்கு நீலம் ஏற்றும் புங்கா தெலாங், அதாவது சங்குப்பூ, ஒவ்வோர் இலையிலும் 5 முதல் 7 சிற்றிலை கொண்டது. மூன்று சிற்றிலை இருந்தால் அது சமையலறைக்குரியதல்ல.

மியூகனா பிராக்டியேட்டா. இந்தியாவின் வடகிழக்கில் இயல்பாக வளரும் கொடி. கேரள ரப்பர்த் தோட்டங்களில் பழகி, 1990களின் தொடக்கத்தில் மலேசியத் தோட்டங்களுக்கு வந்தது. மற்ற மூன்றையும்விடத் தண்டு தடிப்பு, சிற்றிலை உள்ளங்கையளவு, வளர்ச்சி மிக வேகம். இளஞ்செம்பனையின் மட்டையில் ஏறித் தலையை மூடிவிடும் என்பதால் அடிக்கடி இழுத்து விடுவார்கள். பூ கருஊதா, தொங்கும் கொத்து. மலாக்காபோன்ற தாழ்நிலத்தில் காய்ப்பது அரிது. காயைக் கண்டால் தொடாதீர்கள், அதன் மயிர் பூனைக்காலியைப்போல் அரிக்கும். காயே கிடைக்காத இந்த ஒரு கொடியில் மட்டும் இலையளவையும் தண்டின் தடிப்பையும் நம்பலாம்.

கேட்டு அறிவது

தோட்டத்தில் பெயர் கேட்டால் ஒரே பெயர் நான்கு செடிக்கு வரும், ஒரே செடிக்கு நான்கு பெயரும் வரும். பெயரைவிடப் பயனைக் கேளுங்கள். "பாட்டி, இதை ரசத்துக்குப் போடுவீங்களா?", "அண்ணே, மருந்து அடிக்கும்போது இதை விட்டுடுவீங்களா, சேர்த்து அடிப்பீங்களா?" என்று கேட்டால் பதில் தெளிவாக வரும். ரசத்துக்குப் போவது புளியாரை. விட்டுவைப்பது மூடுகொடி. "ஆடு விரும்பித் தின்னும்" என்றால் சிறுபுள்ளடிக் கூட்டத்தில் தேடுங்கள். பிறகு காயைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

பதிவு செய்வது

மதராசில் 1832இல் உதவி மருத்துவராக வந்திறங்கிய வில்லியம் கிரிஃபித், அஸ்ஸாம், பூட்டான், ஆப்கானிஸ்தான் என்று செடி சேகரித்து அலைந்து, 1845இல் மலாக்காவில் இறந்தார். 1860களில் மலாக்காவில் இருந்த மருத்துவர் மேங்கே சேகரித்த தாள்கள் இங்கிலாந்தின் கியூ தோட்டத்துக்குப் போயின. அவர்கள் எழுதியதை எல்லாம் பின்வந்தவர்கள் மாற்றி எழுதினாலும், உலர்த்திய தாளும் சீட்டும் இன்றும் மறுபடி பார்த்துச் சரிசெய்ய உதவுகின்றன. உங்கள் தாளும் அப்படி உதவ வேண்டுமானால் காயோடு உலர்த்துங்கள்.

நாளிதழ் மடிப்புக்குள் காய், பூ, இலை மூன்றும் உள்ள ஒரு கிளையை வையுங்கள். ஒரு இலையைத் திருப்பி அடிப்பக்கம் தெரிய வையுங்கள். ஒடியும் காயைச் சிறு காகித உறையிலிட்டு அதே தாளில் ஒட்டுங்கள், இல்லையென்றால் வீடு போய்ச் சேரும்போது துண்டுகள்தான் மிஞ்சும். சீட்டில் இடம், தேதி, நிழலா வெயிலா, புல் வெட்டும் இடமா என்று எழுதுங்கள். பூ நிறத்தை அங்கேயே எழுதிவிடுங்கள், உலர்ந்தால் போய்விடும்.

பழகத் தொடங்க ஆயர் குரோவில் உள்ள மலாக்கா தாவரவியல் பூங்காவின் புல்வெளி ஓரங்களும் உங்கள் ஊர்ப் பள்ளித் திடலும் போதும். பூங்காவில் பறிக்க வேண்டாம், படம் எடுத்துக்கொள்ளுங்கள். தீராத சந்தேகமானால் கெப்போங்கில் உள்ள மலேசிய வனவியல் ஆராய்ச்சிக் கழகத்தின் உலர்தாவரத் தொகுப்பு போன்ற இடங்களில் ஒப்பிட்டுப் பார்க்கக் கேட்கலாம்.

சுருக்கத் திறவுகோல்

1. காம்பைக் கிள்ளினால் பால் வருகிறது: பால்மரக் கன்று. வரவில்லை: 2க்குப் போங்கள்.

2. எல்லா இலையிலும் நான்கு சிற்றிலை, நீரோரம்: ஆரை. மூன்று அல்லது ஒன்று: 3.

3. பூவில் ஐந்து இதழும் சமம், காய் ஐந்து பட்டைக் கூடு: 4. அவரைப்பூ அமைப்பு: 5.

4. தரையில் படரும், இதயச் சிற்றிலை, மஞ்சள் பூ: புளியாரை. நிமிர்ந்து நிற்கும், நுனி குறுகிய சிற்றிலை, இளஞ்சிவப்புப் பூ: ஊதாப் புளியாரை.

5. காய் கணுக்கணுவாக ஒடியும், செடி சிறியது: 6. காய் இரண்டாகப் பிளக்கும் நெற்று (அல்லது காயே இல்லை), செடி நீளும் கொடி: 9.

6. எல்லா இலையும் ஒற்றை, காய் உருண்டு இடுங்காமல் இருக்கும்: அலிசிகார்ப்பஸ். மூன்றிலைகள் உண்டு, காய் தட்டையாக இடுங்கியிருக்கும்: 7.

7. பூ கிளை நுனியில் நெருங்கிய கதிர்: ஓவலிஃபோலியம். பூ கக்கத்தில் ஒன்று முதல் சில: 8.

8. பூக்காம்பு 8 மில்லிமீட்டருக்குள், சிற்றிலை 10க்குள்: சிறுபுள்ளடி. பூக்காம்பு 10க்கு மேல், நடுச் சிற்றிலை 10 முதல் 30: ஹெட்டரோஃபில்லம்.

9. மயிர் தட்டாத இலை, தலைகீழ்ப் பூ, மூக்குள்ள தட்டைக் காய்: சென்ட்ரோசீமா. துருநிறத் தண்டு, மெல்லிய கறுத்த காய்: புயராரியா. முழுதும் மயிர், குட்டைக் காய்: கலப்போகோனியம். தடித்த தண்டு, உள்ளங்கைச் சிற்றிலை, கருஊதாக் கொத்து: மியூகனா.

திறவுகோலில் ஏதாவது ஒரு படியில் பூவோ காயோ கையில் இல்லாமல் நின்றுவிட்டால், ஊகித்து அடுத்த படிக்குப் போகாதீர்கள். சீட்டில் "காய் இல்லை" என்று எழுதி, இடத்தைக் குறித்து வைத்து, சில வாரம் கழித்து அதே இடத்துக்குப் போய்ப் பாருங்கள். புல் வெட்டும் திடலானால், அடுத்த வெட்டுக்கு முந்தைய நாள் போவது உத்தமம். காய் அதிகம் கிடைப்பது அன்றுதான்.